மருந்துப் பாத்திரம் சுத்தமானது என்பதற்குச் சான்று யாது?

கோயமுத்தூரிலிருந்து வாளையாறு வழியாக மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் பாலக்காட்டுக் கணவாயினூடே கேரளத்துள் நுழைகின்றன. எல்லையைக் கடந்த சிறிது தொலைவில் கஞ்சிக்கோடு என்னும் தொழிற்பேட்டை உள்ளது. இரும்பாலைகளுக்கும் பிற தொழிற்கூடங்களுக்கும் நடுவே ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் பெரிய நிலையங்களும் அங்கு இடம் பெற்றுள்ளன. 1902-ஆம் ஆண்டில் பி. எஸ். வாரியர் நிறுவிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலைக்கும், 1943-ல் கோயமுத்தூரில் தோன்றிய ஆரிய வைத்திய பார்மசிக்கும் இங்கே ஆலைகள் உண்டு. தெற்கே, தமிழகத்தின் எல்லையை ஒட்டி நிற்கும் இடுக்கி மலைகள் ஏலம், மிளகு, இஞ்சி முதலிய சரக்குகளை விளைவிக்கின்றன. மறையூர் வெல்லம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய சரக்குகள் அரைபட்டும் காய்ச்சப்பட்டும் புளிக்கவைக்கப்பட்டும் சூரணமாகவும் லேகியமாகவும் அரிஷ்டமாகவும் உருமாறுகின்றன.

இவ்வகை ஆலை எதுவாயினும் அங்கு ஒரு கேள்வி அன்றாடம் எழுகிறது. நேற்று ஒரு மருந்து கிண்டிய பாத்திரத்தில் இன்று வேறொரு மருந்து கிண்டப்படவிருக்கிறது. இடையில் பாத்திரம் கழுவப்பட்டது. அது சுத்தமாகிவிட்டதா? ஆகிவிட்டது என்று கழுவியவர் கூறுவார்; பார்ப்பவர் கண்ணுக்கும் அவ்வாறே தோன்றும். நவீன மருந்தாக்க விஞ்ஞானம் இவ்விரண்டு சாட்சியங்களையும் மதிக்கிறது. ஆயினும் இவை போதுமென்று அது ஒப்புக்கொள்வதில்லை. எவ்வளவு மிச்சம் நின்றால் தீங்கில்லை என்பதை முன்னதாகவே கணக்கிட்டு, அதனினும் குறைவாகவே மிச்சம் நிற்கிறது என்பதை அளந்து காட்டி, ஒருமுறை மட்டுமன்றி மறுபடி மறுபடி அவ்வாறே நிகழ்கிறது என்பதையும் நிலைநாட்ட வேண்டும் என்கிறது. தொழிற்சாலைகளில் ‘கிளீனிங் வாலிடேஷன்’ என வழங்கும் இம்முறையைத் தமிழில் ‘சுத்தத்தை மெய்ப்பித்தல்’ எனலாம்.

இந்த எண்ணம் வலுப்பெறுவதற்குக் காரணமான நிகழ்ச்சி அமெரிக்காவில் 1988-ல் நடந்தது. இரத்தத்தில் கொழுப்பைக் குறைப்பதற்குரிய கோலெஸ்டிரமின் என்னும் பிசின் வகை மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பயிர்களுக்கு அடிக்கும் பூச்சிமருந்துத் தயாரிப்பைச் சேர்ந்த ரசாயனங்கள் சிறிதளவில் அதனுள் கலந்திருந்தன. அவை வந்த வழி வியப்புக்குரியது. பூச்சிமருந்துத் தயாரிப்பில் பயன்பட்டு மீட்கப்பட்ட கரைப்பானை வைத்திருந்த பீப்பாய்களிலேயே பின்னர் மருந்துத் தயாரிப்புக்குரிய கரைப்பானும் ஊற்றி வைக்கப்பட்டது. பீப்பாய்களைக் கழுவுவதற்கு மெய்ப்பிக்கப்பட்ட முறை எதுவும் இருக்கவில்லை. அதோடும் நிற்கவில்லை. மாசுபட்ட சரக்கு வேறோர் ஊரிலிருந்த ஆலைக்குச் சென்றபோது, அங்கிருந்த உலர்த்தும் இயந்திரங்களின் துணிப்பைகளில் அந்நஞ்சு படிந்தது. அப்பைகளிலிருந்து அடுத்தடுத்து உலர்த்தப்பட்ட சரக்குகளுக்கும் பரவியது. அந்த இரண்டாவது ஆலையில் பூச்சிமருந்து என்ற பொருளே தயாரிக்கப்படுவதில்லை! 1993-ல் அமெரிக்க உணவு–மருந்து நிருவாகம் தன் ஆய்வாளர்களுக்கென வெளியிட்ட வழிகாட்டி, இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டியே சுத்தத்தை மெய்ப்பிக்கும் முறையை விளக்குகிறது.

ஏலத்தோட்டங்கள் நிறைந்த இடுக்கிப் பகுதிக்கு இது தொலைதேசத்துக் கதையன்று. ஏலம் பூச்சிகளாலும் நோய்களாலும் பெரிதும் தாக்கப்படும் பயிராதலின், அதற்கு மருந்தடிப்பதும் மிகுதி. தோட்டத்தில் ஒரு பணிக்குப் பயன்பட்ட டிரம்மோ சாக்கோ சரக்குடன் ஆலைக்குள் வருமாயின், அதுவும் ஓர் உபகரணமே. சுத்தத்தை மெய்ப்பிப்பது எஃகுப் பாத்திரத்தோடு முடிவதில்லை. அதற்குள் இறங்கும் கரண்டி, அதன்மேல் கட்டும் வடிதுணி, அதைச் சுமந்து வரும் பீப்பாய் ஆகிய யாவும் கணக்கில் சேரும்.

எவ்வளவு மிச்சம் நிற்கலாம்?

சிறிதும் மிச்சமில்லாத பாத்திரம் உலகில் இல்லை. ஆதலின், எவ்வளவு நிற்கலாம் என்பதே சரியான வினா. 1993-ல் அமெரிக்க மருந்துக் கம்பெனியொன்றின் விஞ்ஞானிகள் வெளியிட்ட மூன்று அளவுகோல்கள் நெடுங்காலம் உலகெங்கும் ஆளப்பட்டன. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் படிவு எதுவும் இருத்தலாகாது. இரண்டாவது, முன் செய்த மருந்து, பின் செய்யும் மருந்தில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது. மூன்றாவது, பின் செய்த மருந்தை ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு உட்கொண்டாலும், முன் செய்த மருந்தின் ஒரு வேளை அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் அவர் உடலுட் செல்லலாகாது. இம்மூன்றில் எது கடுமையோ அதுவே எல்லை. பின்னர், மருந்தின் வேளையளவை விட அதன் நச்சுத்தன்மையே எல்லையை நிர்ணயிக்க வேண்டும் என்னும் கருத்து வலுத்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் அவ்வாறே விதி வகுத்தது.

நவீன மருந்தில் வினை புரியும் ரசாயனம் பெரும்பாலும் ஒன்றே. அதன் பெயரும் எடையும் நச்சளவும் தெரியும். மூலிகை மருந்தில் நிலைமை வேறு. ஓர் அரிஷ்டத்தில் முப்பது சரக்குகள் சேரலாம். ஒவ்வொன்றிலும் பல்வகைப் பொருள்கள். எதை அளப்பது? இதற்கு நடைமுறையில் ஏற்ற விடை ஒன்று உண்டு: மருந்தில் ‘முக்கியமான’ பொருளைத் தேட வேண்டுவதில்லை, கழுவுவதற்கு மிகக் கடினமான பொருளைத் தேட வேண்டும். அது போய்விட்டதெனில் மற்றவையும் போயிருக்கும் என்று கொள்ளலாம்.

சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தை எடுத்துக்கொள்வோர்க்கு இது எளிதில் விளங்கும். மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்னும் பொருள். அது நீரில் மிகச் சிறிதே கரையும். சாராயத்தில் நன்கு கரையும். புறஊதாக் கதிரை ஏறத்தாழ 343 நானோமீட்டர் அலைநீளத்தில் வலுவாக உறிஞ்சுகிறது. ஆகவே, பாத்திரத்தின் உட்பரப்பைச் சாராயத்தில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்து, அந்தச் சாராயத்தை நிறமாலைமானி என்னும் கருவியில் வைத்தால், கண்ணுக்குத் தென்படாத அளவும் எண்ணாக வெளிப்படும். மஞ்சள் சேர்ந்த மருந்துக்குக் குர்க்குமின் இவ்வாறே உதவும்; அது சுமார் 425 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிறிய ஆலையிலும் இத்தகைய சோதனை இயலும் என்பது குறிப்பிடத்தக்கது.

கழுவுநீர் கூறாதது

மூலிகை மருந்தினும் கடுமையான சோதனை, உலோகங்களும் தாதுக்களும் சேர்ந்த ரச மருந்துகளால் நேருகிறது. பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்திலிட்டு நெடுநேரம் அரைத்துப் பெறும் கருநிறப் பொடிக்குக் கஜ்ஜளி என்று பெயர். பல ரச மருந்துகளுக்கு இதுவே அடிப்படை. உலோக பஸ்மங்களைப் பற்றி ஆயுர்வேத நூல்கள் ஓர் அழகிய சோதனையைக் கூறுகின்றன: பொடியை இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் அது விரல்ரேகைகளின் பள்ளங்களுள் புகுந்து நிரம்ப வேண்டும். மருந்தின் நுண்மைக்கு இது சிறந்த அடையாளம். ஆயின், விரல்ரேகையில் புகும் பொடி, இயந்திரத்தின் திருகுமரைகளிலும் சல்லடையின் விளிம்பிலும் ரப்பர் வளையத்தின் அடியிலும் புகாதிருக்குமா? மருந்துக்குக் குணமாக நிற்பதே துப்புரவுக்கு இடையூறாகிறது.

இவ்வகை மருந்தை மாத்திரையாக்கிய இயந்திரத்தில் அடுத்து ஒரு மூலிகை மாத்திரை செய்யப்படுவதாகக் கொள்ளலாம். தனி மூலிகை மருந்துகளில் பாதரசம் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேற்படலாகாது; ஈயம் 10, ஆர்செனிக் 3, காட்மியம் 0.3 என்பன ஏனைய எல்லைகள். செய்யவிருக்கும் மாத்திரைச் சரக்கு 100 கிலோகிராம் எனின், அது முழுவதிலும் இருக்கத்தக்க பாதரசம் 100 மில்லிகிராம் மட்டுமே. மூலிகைகளும் மண்ணிலிருந்து சிறிது பாதரசத்தைக் கொண்டு வரக்கூடும். ஆதலின், இயந்திரத்திற்கு அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 10 மில்லிகிராமை, ஒதுக்குவதே விவேகம். சரக்குத் தொடும் உட்பரப்பு 5 சதுர மீட்டர், அதாவது 50,000 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் பாதரசம் என்று கணக்கு வருகிறது. முன் செய்த மருந்தில் பத்தில் ஒரு பங்கு பாதரசம் என வைத்துக்கொண்டால், மருந்துப் பொடியாக அது 2 மைக்ரோகிராம்.

நல்ல வெளிச்சத்தில், பழகிய கண் பளபளப்பான எஃகுப் பரப்பில் காணக்கூடிய பொடியின் அளவு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4 மைக்ரோகிராம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இங்குள்ள எல்லையோ அதில் பாதி. அதாவது, கண்ணுக்கு மாசற்றதாகத் தோன்றும் இயந்திரம் எல்லையைப் போல் இரு மடங்கு பொடியைத் தாங்கி நிற்க இயலும். மொத்தக் கணக்கில் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். இயந்திரம் முழுவதிலும் நிற்கத்தக்க பொடி 100 மில்லிகிராம். ஒரு ரப்பர் வளையத்தின் அடியில் ஒளிந்துகொள்ள அது தாராளமாகப் போதும். அப்படி ஒரே இடத்தில் ஒளிந்த பொடி 100 கிலோகிராமிலும் சமமாகக் கலப்பதுமில்லை. முதலில் அச்சேறும் சில மாத்திரைகளிலேயே அது முழுதும் வந்து சேரலாம். அம்மாத்திரைகள் எந்த வீட்டுக்குப் போகும், எந்தக் குழந்தைக்குக் கொடுக்கப்படும் என்பதை யாரும் அறியார்.

இனி, அளக்கும் முறை. இறுதியாகக் கழுவிய நீரை எடுத்துச் சோதிப்பது எளிது. பலர் அதனோடு நிறுத்திவிடுகின்றனர். கஜ்ஜளியைப் பொறுத்தவரை இது வெறும் ஏமாற்றம். பாதரசமும் கந்தகமும் கூடிய அப்பொருள் நீரில் கரையாது. கழுவுநீரில் பாதரசம் காணப்படவில்லை என்னும் அறிக்கை, பாத்திரத்தில் பாதரசம் இல்லை என்று சொல்லவில்லை. நீர் அதைக் கரைக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அடிப்பிடித்த லேகிய உருளியைப் பற்றி அறிய விரும்புபவர் வாய்க்காலில் ஓடும் நீரைப் பார்ப்பதில்லை. உருளியின் அடியைத்தான் பார்க்கிறார். பஞ்சுக்குச்சியால் 10 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள சதுரத்தை முறையாக ஒற்றியெடுத்து, அதை இராஜதிராவகத்தில் கரைத்து, அணுஉறிஞ்சல் கருவியில் அளப்பதே இங்குப் பொருந்தும். மேற்கண்ட எல்லையின்படி அச்சதுரத்தில் 20 மைக்ரோகிராம் பாதரசம் இருக்கலாம். இக்கருவிக்கு அது பெரிய அளவே.

ஒற்றியெடுக்கும் பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிடுவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆகவே, தெரிந்த எடையுள்ள பொருளை ஒரு எஃகுத் தகட்டில் தடவி உலர்த்தி, அதை ஒற்றியெடுத்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று முதலில் காண வேண்டும். நூற்றுக்கு 70 பங்கு திரும்பி வந்தால், பின்னர் பாத்திரத்தில் கிடைக்கும் அளவை 0.7-ஆல் வகுத்தே உண்மையைக் கணிக்க வேண்டும். இப்படியைத் தாண்டிச் சென்ற எந்த அறிக்கையும், எடைக்கல்லைச் சரிபாராமல் நிறுத்த தராசைப் போன்றதே.

ரச மருந்துகளுக்கெனத் தனி இயந்திரமும் தனி அறையும் வைப்பதே எல்லாக் கணக்குகளினும் மேலானது. மெய்ப்பித்தல் அதற்கு மாற்றாகாது. எங்கு உபகரணத்தைப் பொதுவில் வைப்பது தவிர்க்க இயலாததோ அங்கேயே அது பயன்பட வேண்டும்.

கோடையும் மழையும்

அரிஷ்டங்களும் ஆசவங்களும் நொதித்தலால் ஆகின்றன. வெல்லம் கரைத்த கஷாயத்தில் தாதகிப்பூ முதலியன இட்டு மூடிவைத்தால், ஈஸ்ட் வகை நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சாராயமாக்குகின்றன. பழைய நூல்கள் இதற்குரிய மண்பாண்டத்தின் உட்புறம் நெய் தடவிப் புகையூட்டுமாறு விதிக்கின்றன. நெய் பாண்டத்தின் நுண்துளைகளை அடைக்கும். புகை வேண்டாத கிருமிகளைக் குறைக்கும். துப்புரவைப் பற்றிய கவலை மேலைநாட்டிலிருந்து புதிதாக வந்தது என்று எண்ணுவோர் இதைக் கவனித்தல் நலம். மண்பாண்டத்திற்குப் பின் மரத்தொட்டிகள் வந்தன. பின்னர் துருப்பிடிக்காத எஃகு வந்தது. மரம் முந்தைய அரிஷ்டத்தின் மணத்தையும் நுண்ணுயிர்களையும் தன்னுள் ஈர்த்து வைத்துக்கொள்கிறது. ஒரே அரிஷ்டத்தை ஆண்டு முழுதும் ஊறவைக்கும் தொட்டிக்கு அது தீங்கன்று. சில வேளைகளில் நொதித்தலுக்குத் துணையாகவும் நிற்கலாம். ஆனால் மருந்து மாறுமிடத்தில், மரத்தின் சுத்தத்தை மெய்ப்பிப்பது ஏறக்குறைய இயலாத காரியம். ஒற்றியெடுக்கும் பஞ்சு மேற்பரப்பை மட்டுமே தொடும்.

எஃகுத் தொட்டியிலும் மறைவிடங்கள் உண்டு. மேலே பொருத்திய தெளிப்பான் நீரை எல்லாப் பக்கமும் வீசுகிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி கையாளப்படுகிறது. ரைபோபிளேவின் என்னும் வைட்டமின் கரைசலை உட்புறமெங்கும் தெளித்து, வழக்கம்போல் கழுவிவிட்டு, இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டினால், நீர் எட்டாத இடம் மஞ்சள் கலந்த பசுமையாக ஒளிரும். கலக்கும் தண்டின் அடிப்புறம், மூடியின் வளைவு, சரக்கு தேங்கி நிற்கும் குட்டைக் குழாய் ஆகியவை பெரும்பாலும் இவ்வாறு அகப்படும். பஞ்சால் ஒற்ற வேண்டிய இடங்களும் இவையே. எளிதில் கை எட்டும் நடுப்பரப்பை ஒற்றி நற்சான்று பெறுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

பாலக்காட்டுச் சூழலுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்குக் கருதற்பாலது. மருந்து எடுத்த பின் கழுவும்வரை பாத்திரம் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், கழுவிய பின் மறுபடி பயன்படும்வரை எவ்வளவு நேரம் சுத்தமாக நிற்கும் என்னும் இரு கால அளவுகளும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கணவாய்ப் பகுதியின் வெப்பம் 40 டிகிரியை எட்டுவது புதுமையன்று. அப்போது சர்க்கரைப் பாகும் நெய்யும் சேர்ந்த லேகியம் உருளியில் விரைவில் இறுகிவிடும். மழைக்காலத்தில் நான்கு மணி நேரம் கழித்துக் கழுவினாலும் போகும் படிவு, கோடையில் அதே நேரத்தில் கல்லாகிவிடலாம். ஜூன், ஜூலை மழையிலோ நிலைமை தலைகீழாகும். கழுவிய பாத்திரம் உலர்வதற்கு நேரமாகும். ஈரம் நின்ற மடிப்பில் பூஞ்சை தலைகாட்டும். இடுக்கி மலையின் மூடுபனியில் இது இன்னும் கடுமை. ஒரு பருவத்தில் மூன்று முறை சோதித்துத் தேறிய சுத்தம், மற்றொரு பருவத்திற்கும் செல்லும் என்று கொள்வதற்கில்லை. மூன்று தொடர் சோதனைகள் என்னும் வழக்கை வாரமொன்றில் முடித்துக் கோப்பை மூடிவிடுவோர், இவ்விரு பருவங்களிலும் ஒவ்வொரு முறையேனும் சோதித்தல் தகும்.

நீரும் இடம் அறிந்து ஒழுகுவது. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில், சித்தூர் வட்டாரத்தை ஒட்டிய பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடினமானது. அந்நீரால் கழுவினால் சுண்ணாம்புப் படலம் படியும். படலத்தின் அடியில் பழைய மருந்து சிறைப்படும். எண்ணெய்ப்பசையுள்ள தைலப் பாத்திரங்களுக்குச் சூடான காரக்கரைசல் வேண்டும். ஆயின் கடின நீரில் சாதாரணச் சோப்பு நுரையாமல் திரிந்து, தானே ஓர் அழுக்காக ஒட்டும். கழுவும் பொருளே மிச்சமாக நின்றுவிட்டதா என்பதும் சோதனைக்குரியது. இறுதி அலசலுக்குத் தூய்மைப்படுத்திய நீர் வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இந்தியாவில் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் நல்லாக்க நெறிகளை 2000-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ‘டி’ அட்டவணை கூறுகிறது. ஒவ்வோர் இயந்திரத்தையும் துப்புரவு செய்யும் முறை வகுக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. நவீன மருந்துகளுக்குரிய ‘எம்’ அட்டவணையின் திருத்தம் 2023 டிசம்பர் 28-ஆம் தேதியிட்ட அறிவிக்கையால் வந்தது; அது சுத்தத்தை மெய்ப்பிப்பதையும் வெளிப்படையாகக் கேட்கிறது. முறையை எழுதி வைப்பதற்கும், அம்முறை பலித்தது என்று காட்டுவதற்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதன்று.

சுத்தம் என்ற முடிவு வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவிச் சோதித்து, கடைசியாக வந்த நல்ல எண்ணை மட்டும் பதிவேட்டில் எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டு. 1993-ன் வழிகாட்டி இதைத் தனியே சுட்டிக் கண்டிக்கிறது. முறை மெய்ப்பிக்கப்பட்டதாயின் முதல் தடவையிலேயே தேற வேண்டும். தேறாத எண்ணும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அன்று கழுவியவர் யார், நீரின் வெப்பம் யாது, பாத்திரம் எத்தனை மணி நேரம் காத்துக்கிடந்தது என்பனவும் உடன் இருந்தால், தவறு எங்கு நேர்ந்தது என்பதை அடுத்த நாள் கண்டறிய முடியும். பல ஆண்டுகள் உருளி தேய்த்த தொழிலாளி, எந்த மருந்து எந்த மூலையில் ஒட்டும் என்பதைக் கருவிக்கு முன்பே அறிந்திருப்பார். பஞ்சால் ஒற்ற வேண்டிய இடங்களைக் குறிக்கும்போது முதலில் அவரிடம் கேட்பதே முறை.